சைனப் பேரில் ஒரு கார்டு

– அப்போ இந்தக் கார்டுல சைனப்னு எழுதியிருக்கே, அது எந்தச் சைனப், ஏட்டி?

– எந்தக் கார்டு, லாத்தா?

– ஜிப் டப்பாவுக்கு அடியில செருகி வச்சிருந்தியே, அந்தக் கார்டு. மொதல்ல மிஷின நிப்பாட்டு.

– நிப்பாட்டிட்டேன்.

– மேல தட்டுக்கு அண்ணாந்து பாரு. தெரியுதா? நீல அட்டை. லாத்தாவுக்கு இந்தி எழுத்து தெரியாதுன்னு நெனச்சிட்ட. அரை மணி நேரம் எழுத்துக்கூட்டி வாசிச்சேன். சைனப் முகம்மது ஹனீப். தாராவி. வயசு நாப்பத்தாறு. எனக்கு நாப்பத்தி மூணுதாண்டி ஆவுது, சவமே!

– அது… சும்மா குத்துமதிப்பா சொன்னேன், லாத்தா.

– அப்ப சொன்னது நீதான்.

– அய்யோ.

– மாட்டுனியா? செம்பூருல ஒரு மனசு டாக்டரம்மாவ, என் பேரச் சொல்லி, என் மாப்ள பேரச் சொல்லி, எட்டு வியாழக்கிழமை போய்ப் பாத்துட்டு வந்திருக்க. தேதியெல்லாம் வரிசையா போட்டிருக்கு. லைனிங் துணி வாங்கப் போறேன், ஜிப் வாங்கப் போறேன்னு கெளம்புனதெல்லாம் இதுக்குத்தானா?

– மெள்ளப் பேசுங்க லாத்தா, ப்ளீஸ். தோல்பை தைக்கிற கார்கானால மச்சான் இருப்பாங்க.

– ஒங்க மச்சானும் ஜும்மாவுக்குப் போயாச்சு, ஒம் மாப்ள ஷகீலும் போயாச்சு. அண்ணனும் தம்பியும் தொழுதுட்டுத் திரும்பி வர முக்கா மணி நேரம் ஆவும். அதுக்குத்தானே வெள்ளிக்கிழமை வரட்டும்னு முந்தானையில முடிஞ்சு வச்சிருந்தேன்.

– டாக்டரம்மா இல்ல, லாத்தா. மத்லப், அதாவது கவுன்சிலர். விஜயராணின்னு பேரு. தமிழ்க்காரங்கதான். மருந்து மாத்திரை எதுவும் குடுக்க மாட்டாங்க.

– மருந்தே குடுக்க மாட்டாளா? பெறவு எதுக்குப் போன?

– பேசத்தான்.

– பேச இங்க ஆளில்லையா? கீழ ஒரு ரூமு, மேல ஒரு தட்டு. இதுக்குள்ள ஆறு பேரு கெடக்கோம்.

– அதான் லாத்தா. ஆறு பேரு.

– என்ன ஆறு பேரு? வாய் நல்லா நீளுது. ஞாயித்துக்கிழமை மான்குர்த்துல இருந்து எம் மவ நூர் நிஷாவப் பொண்ணு பாக்க வாராவ. பொண்ணோட உம்மா தலை டாக்டருகிட்ட போறாவளாம்னு அவிய காதுல விழுந்தா என்ன ஆவும்? நாளைக்கு அந்தப் புள்ளைக்கும் இருக்கும்னு சொல்லிட்டுப் போயிருவாவ.

– தெரியும். அதுக்குத்தான் மூணு வாரமா நான் போகல. அந்தச் சம்பந்தப் பேச்சு வந்த அன்னைக்கே நிறுத்திட்டேன். கார்டக் கிழிச்சுப் போடணும்னு எடுத்தேன், கை வரல. நேத்து நீங்க மாட்டுங்காவுக்கு ஜவுளி எடுக்கப் போயிருந்தப்போ, எல்லா டப்பாவையும் கவுத்துத் தேடுனேன். காணோம்.

– எங்கிட்ட இருந்தா எப்படி அம்புடும்?

– ஜவுளியும் வரல. வெறுங்கையோடதான் வந்தீங்க. கண்ணு வேற செவந்து போயிருந்துச்சு.

– பஸ்ஸுல தூசி. கடையில ஒண்ணும் புடிக்கல. பேச்ச மாத்தாத. என்னட்டி கொறை ஒனக்கு? ஷகீல் கைய ஓங்குதானா?

– சே, இல்ல லாத்தா. அவுரு பாவம்.

– புள்ளை தங்கலைன்னு நான் ஏதும் சொல்லிட்டேனா?

– நீங்க ஒரு நாளும் சொன்னதில்ல.

– பெறவு எதுக்குடி? எங்க மேலப்பாளையத்துல ஒருத்தரு இருந்தாரு. நல்லா இருந்த மனுசரு. தலையில வயர மாட்டி கரண்டு வச்சாவ. திரும்பி வந்து வாசல்லயே உக்காந்திருப்பாரு. பேரு கேட்டா சிரிப்பாரு. அங்க போனவங்க யாரும் போனபடி திரும்புனதில்ல.

– இவங்க ரூம்ல வயரே கிடையாது லாத்தா. மேல ஒரு ஃபேன். அதுவும் பாதி நேரம் ஓடாது. ஆனா நீங்க பயந்த மாதிரியேதான் நானும் பயந்தேன். மொத நாளு என்ன செஞ்சேன் தெரியுமா? சொன்னா சிரிப்பீங்க.

– சிரிக்க நேரமில்ல. சொல்லு.

– மனசப் படிக்கிறவங்கன்னு கேள்விப்பட்டிருந்தேன்ல? மத்லப், என் மூஞ்சியப் பாத்தே எல்லாத்தையும் படிச்சிருவாங்கன்னு நெனச்சேன். அதனால உள்ள எதையும் நெனைக்காம கலிமாவையே ஓதிட்டு உக்காந்திருந்தேன். பத்து நிமிசம். அவங்களும் ஒண்ணும் கேக்காம உக்காந்திருந்தாங்க. பெறகு, "முடிஞ்சதா? தண்ணி குடிக்கிறீங்களா?"ன்னாங்க.

– நீ நாப்பத்தாறுன்னு சொன்னியே, அத நம்பிட்டாளா?

– என்னை மேலயும் கீழயும் பாத்தாங்க. "ஒடம்ப நல்லா வச்சிருக்கீங்க"ன்னு சொல்லி எழுதிக்கிட்டாங்க. அவ்ளோதான்.

– கள்ளி. தெரிஞ்சிருக்கும் அவளுக்கு.

– தெரிஞ்சிருக்கும். ஆனா ஒரு நாளும் கேக்கல. எட்டு வாரமும் "சைனப், வாங்க"ன்னுதான் கூப்பிட்டாங்க. எனக்கே வெக்கமாயிருச்சு.

– அஞ்சு நேரம் தொழுகுதவளுக்கு இது எதுக்குங்கேன். அல்லாகிட்ட கையேந்திக் கேட்டா தர மாட்டானா?

– போன வருசம் ஒங்களுக்குப் பல்லு வலிச்சுதே. துஆவும் கேட்டீங்க, பல்லு டாக்டருகிட்டயும் போனீங்க.

– அது பல்லு.

– இது நெஞ்சு. நான் தொழுகைய விடல லாத்தா. ஹஜ்ரத் ஓதிக் குடுத்த தண்ணியையும் விடல. அவங்களும் விடச் சொல்லல.

– நெஞ்சா? நெஞ்சுக்குத்தான் பெரிய ஆஸ்பத்திரியில படம் எடுத்து ஒண்ணுமில்லன்னுட்டாவளே.

– மூணு தடவை எடுத்தாங்க. மூணு தடவையும் ஒண்ணுமில்ல. மூணாவது தடவை அங்க இருந்த டாக்டர்தான் இவங்களப் பாருன்னு சீட்டு எழுதிக் குடுத்தாரு. நான் அந்தச் சீட்ட மடிச்சு மடிச்சு ரெண்டு மாசம் கையிலயே வச்சிருந்தேன். எனக்குப் பைத்தியம்னு எழுதிக் குடுத்துட்டாருன்னே நெனச்சுக்கிட்டிருந்தேன்.

– எப்ப இருந்து இந்த நெஞ்சடைப்பு?

– ஒங்களுக்குத் தெரியாதா?

– நீ சொல்லு. ஒன் வாயால சொல்லு.

– தீப்பிடிச்ச அன்னைக்கு இருந்து.

– ம்.

– பக்கத்துக் கார்கானால பிடிச்சுது. நான் மேல, நீங்க இப்ப உக்காந்திருக்கீங்கல்ல, அதே எடத்துல லைனிங் வெட்டிட்டிருந்தேன். பொகை வந்துச்சு. ஏணி எங்க இருக்குன்னே தெரியல. தொங்குற கயிறு கைக்கு அம்புடல. கூப்பிட வாயத் தொறந்தா பொகைதான் உள்ள போகுது. அப்போ நீங்க ஏறி வந்தீங்க. கீழ மச்சான், அவுரு, அக்கம்பக்கத்து ஆம்பிளைங்க எல்லாரும் நின்னு கத்துறாங்க. நீங்க ஒருத்திதான் ஏறி வந்தீங்க. என்னத் தோலு மூட்டை மாதிரி தோள்ல போட்டு எறக்குனீங்க.

– யாரா இருந்தாலும் செய்வா.

– யாரும் செய்யலையே லாத்தா. அதுல இருந்து இந்த ஏணில கால் வச்சா நெஞ்சு அடைச்சுரும். முட்டி வலி, ஏற முடியலன்னு ஒங்ககிட்ட பொய் சொன்னேன். ஒரு வருசமா தோலும் துணியும் நீங்கதான் சுமந்து எறக்குறீங்க.

– முட்டி வலிக்குன்னு வேப்பெண்ணெய் காய்ச்சித் தேச்சுவிட்டேனே, சவமே!

– நல்லாத்தான் தேச்சீங்க. முட்டிக்கு இப்ப ரொம்ப சொகம்.

– வாயப் பாரு. சரி, என் பேரு எதுக்கு? ஊருல வேற பேரா இல்ல? நாலு வீடு தள்ளி எத்தனை பொம்பளையள் இருக்கா. ஆயிசான்னு சொல்லு, கதீஜான்னு சொல்லு. கூடப் பொறந்தவ மாதிரி லாத்தா லாத்தான்னு கூப்பிட்டுக்கிட்டு என் தலையில எதுக்குக் கொண்டு வச்ச?

– கோவிச்சுக்காம கேப்பீங்களா?

– கோவத்தோடதான் கேப்பேன். சொல்லு.

– அந்த செம்பூர் ஆபீஸ் ரெண்டாவது மாடி. படிக்கட்டு குறுகலா, செங்குத்தா இருக்கும். மொத நாள் கீழ நின்னு பாத்தேன், கால் வரல. நம்ம ஏணி மாதிரியே தெரிஞ்சுது. திரும்பி பஸ் ஸ்டாப் வரைக்கும் போயிட்டேன். அப்போ ஒங்க நெனப்பு வந்துச்சு. சைனப் லாத்தா இருந்தா இங்க நின்னு யோசிக்கவா செய்வாங்க? பொகையிலயே ஏறுனவங்க. நான் சஃபீனா இல்ல, சைனப்புன்னு சொல்லிக்கிட்டே ஏறுனேன். ஒவ்வொரு படிக்கும் சைனப், சைனப்னு. மேல போனதும் பேரு என்னன்னு கேட்டாங்க. வாயில அதுதான் இருந்துச்சு. வந்துருச்சு. லாத்தா, ஏசணும்னா ஏசுங்க.

– என்னத்த ஏச.

– ஊருல எந்தப் பேருலயும் அழுக்கு ஒட்டும், ஒங்க பேருல ஒட்டாதுன்னும் ஒரு நெனப்பு. சைனப் அங்க போறான்னு யாராவது பாத்தாக் கூட, பைத்தியம்னு சொல்ல வாய் வராது. ஊரடங்குல ஒங்க உம்மா ஊருல மௌத்தானப்போ எல்லாரும் பாத்தாங்களே. போக வழியில்ல. மய்யத்த போன்லதான் காட்டுனாங்க. பாத்துட்டு போனை மச்சான் கையில குடுத்துட்டு எந்திரிச்சீங்க. ஒரு சொட்டுக் கண்ணீர் விடல. அன்னைக்கு இந்தச் சந்துல வேலையில்லாமக் கெடந்த அத்தனை பேருக்கும் கஞ்சி காச்சி ஊத்துனீங்க. "நெஞ்சுன்னா அது சைனப் நெஞ்சு"ன்னு இன்னைக்கும் சொல்லுறாங்க.

– அந்தப் பேச்ச விடு.

– பெருமையாத்தான் சொல்றேன்.

– விடுன்னு சொல்லுதேன்லா. அந்த விஜயராணி எட்டு வாரம் என்னதான் பண்ணுனா ஒன்ன?

– ஒண்ணும் பண்ணல. கேட்டாங்க. நடுவுல அப்படிச் செய், இப்படிச் செய்னு புத்தி சொல்லல. நம்ம ஆளுங்ககிட்ட பேசுனா, பாதி சொல்லி முடிக்கிறதுக்குள்ள எனக்கும் இப்படித்தான்னு அவங்க கதைய ஆரம்பிச்சுருவாங்கல்ல? இவங்க அப்படி இல்ல. பெறகு ஏணிக்கு வந்தாங்க. "வீட்டுல எத்தனை படி?"ன்னாங்க. ஒம்பதுன்னேன். "இந்த வாரம் மொதப் படியில ஏறி நில்லுங்க. நெஞ்சு அடைக்கும், அடைக்கட்டும். அது தானா எறங்குற வரைக்கும் நின்னுட்டுப் பெறகு எறங்குங்க"ன்னாங்க.

– ஓஹோ! ஒரு நாள் மத்தியானம் ரெண்டாம் படியில நின்னு முணுமுணுத்துக்கிட்டு இருந்தியே, அது அதுதானா? ஒன்ன ஜின்னு புடிச்சிருச்சுன்னு நான் ஹஜ்ரத்துக்கு ஆளனுப்பப் பாத்தேன்.

– எட்டாவது வாரம் ஆறாம் படி வரைக்கும் வந்துட்டேன் லாத்தா. சச்சி, நெசமா. இன்னும் மூணுதான் இருந்துச்சு. போறத நிறுத்துனதும் எல்லாம் போச்சு. நேத்து மொதப் படியில கூட நிக்க முடியல. இப்போ மிஷின்ல தையல் கோணுது, பாத்தீங்கல்ல?

– பாத்தேன். கோணத் தையல் போட்ட பைய எல்லாம் பிரிச்சு ஒட்டுனது யாரு?

– நூர் நிஷா கல்யாணம் முடியட்டும். பெறகு பாத்துக்கலாம். கார்டக் குடுங்க லாத்தா, கிழிச்சிடுறேன்.

– வேணும்னா மேல வந்து வாங்கிக்கோ.

– தூக்கிப் போடுங்க.

– போட மாட்டேன்.

– லாத்தா, இது கொடுமை.

– கொடுமைதான். எந்திரி. எந்திரிச்சு கயத்தப் புடி.

– முடியாது.

– முடியாதுன்னு யாரு சொன்னா, சஃபீனாவா சைனப்பா?

– இருங்க, புடிக்கிறேன்.

– புடிச்சியா? இப்ப மொதப் படியில கால வையி. என்னப் பாக்காத. காலப் பாரு. அவசரமில்ல. ஜும்மா இன்னும் முடியல.

– வச்சுட்டேன்.

– ரெண்டாம் படி. பேசிக்கிட்டே வா. அந்த நீலத் திரை ஆடிக்கிட்டே இருக்குமே, மொத நாளு அதப் பாத்துக்கிட்டுத்தான் கலிமா ஓதுனியா?

– ஆமா. அதப் பாத்துக்கிட்டேதான்… லாத்தா, மூணாம் படி. அடைக்குது.

– அடைக்கட்டும். நில்லு. எறங்காத. நாலு எண்ணி மூச்ச உள்ள இழு. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. இப்ப அதே நாலு எண்ணி வெளிய விடு. நானும் ஒங்கூட விடுதேன். கேக்குதா?

– கேக்குது.

– இன்னொரு தடவை. … எப்படி இருக்கு?

– கொஞ்சம் எறங்குது.

– அடுத்ததுல வையி. நாலு. அஞ்சு. நிதானம்.

– பொகை வாடை வருது லாத்தா!

– பொகையில்ல. பை ஒட்டுத சொலூஷன் வாடை. இந்தா, டப்பாவ மூடிட்டேன். கேட்டியா மூடுன சத்தம்? காலுக்கடியில என்ன இருக்கு, சொல்லு.

– கட்டை.

– கையில?

– கயிறு.

– காதுல என்ன கேக்குது?

– தெருவுல தண்ணி லாரி ஹாரன். பக்கத்து வீட்டு டிவி. … ஒங்க வளையல்.

– அப்ப இது அந்த நாளு இல்ல. அன்னைக்கு என் கையில வளையல் இல்ல. ஆறு. ஏழு. வா என் தங்கம்.

– எட்டு. லாத்தா, கண்ணு இருட்டுது.

– இருட்டல. நீ கண்ண மூடியிருக்க. தொற. தலையத் தூக்கு. யாரு இருக்கா?

– நீங்க.

– வேற என்ன இருக்கு?

– ஒண்ணுமில்ல. லைனிங் துணி. கத்திரி. … ஒம்பது. லாத்தா, ஒம்பது! நான் மேல இருக்கேன்!

– இருக்க. அழாத. அழு, பரவால்ல, அழு. அன்னைக்கு நான் ஒன்னத் தூக்கி எறக்குனேன், அது பெரிசா? தூக்குனா யாரும் எறங்கலாம். பயத்தக் கையில வச்சுக்கிட்டே தானா ஏறுன பாத்தியா, அந்த நெஞ்சு எனக்கு கெடையாது, ஏட்டி. நெசமாச் சொல்லுதேன்.

– சும்மா சொல்லாதீங்க.

– வியாழக்கிழமை நீ செம்பூருக்குப் போற. மான்குர்த்துக்காரவுகள நான் பாத்துக்கிடுதேன். கேட்டா, எங்க வீட்டுப் பொண்ணு நெஞ்சு வலிக்கு வைத்தியம் பாத்தா, கொணமாயிட்டுன்னு சொல்லுதேன். அதுல பொய் என்ன இருக்கு?

– அப்போ எதுக்கு அந்தக் கத்து கத்துனீங்க?

– ரெண்டு ஏச்சு ஏசாட்டி நான் சைனப்பா? வயசு நாப்பத்தாறாமே!

– லாத்தா… ஒண்ணு கேக்கவா?

– என்ன?

– நாலு எண்ணி மூச்சு விடணும்னு ஒங்களுக்கு யாரு சொல்லிக் குடுத்தது?

– எங்கயாவது கேட்டிருப்பேன்.

– அங்க நீலத் திரை ஆடும்னு நான் சொல்லவே இல்லையே.

– இந்தா கார்டு. புடி.

– இது ரெண்டா ஒட்டிக்கிட்டிருக்கு.

– சொலூஷன் பட்டிருக்கும்.

– ஒண்ணு என்னுது. இன்னொண்ணு புதுசு லாத்தா. நேத்துத் தேதி போட்டிருக்கு. நீங்க மாட்டுங்காவுக்கே போகலியா?

– செம்பூருக்குச் சண்டை போடத்தான் போனேன். சைனப்னு ஒருத்தி வாராளே, அவ யாருன்னு கேட்டேன். அப்படி ஒருத்தர் வாராங்களா இல்லையான்னு கூட யாருக்கும் சொல்ல மாட்டேன்னுட்டா அந்த விஜயராணி. தாராவில இப்படிப் பூட்டுன ஒரு வாய நான் பாத்ததில்ல. எந்திரிக்கப் போனேன். "இவ்வளவு தூரம் வந்திருக்கீங்க, நீங்க எப்படி இருக்கீங்க?"ன்னு கேட்டா. உம்மா போனதுல இருந்து யாரும் என்கிட்ட அதக் கேட்டதில்ல, ஏட்டி.

– லாத்தா, இந்தப் புதுக் கார்டுல பேரு… சஃபீனா ஷகீல். வயசு இருபத்தி நாலா? எனக்கு முப்பது!

– குத்துமதிப்பா சொன்னேன்.

– ஒங்க பேர நான் ஏற்கெனவே குடுத்துட்டேங்கிறதுக்காகவா? உள்ளதச் சொல்லி, சைனப்னே எழுதச் சொல்லியிருக்கலாமே?

– சொல்லத்தான் வாயத் தொறந்தேன். சைனப் அழ மாட்டாள்லா, ஏட்டி? அதான் ஒம் பேரக் குடுத்துட்டு, எங்க உம்மாவுக்காக ஒரு மணி நேரம் அழுதுட்டு வந்தேன்.